தேன்வாயரின் தாழ்ப்பாள்

ஊரெல்லாம் அன்பைப் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்பினால் தேன்வாயருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் குரலை மனைவியைத் திட்டுவதற்கு வைத்துக்கொள்வார்.

பிழைப்பு, குளியலறைக் குழாயும் தாழ்ப்பாளும் விற்கும் கடையில் மேலாளர் வேலை. விடுமுறை நாட்களில் மேடை. 'இயற்கை சொல்லும் இல்லறம்' என்ற ஒரே தலைப்பை வைத்துக்கொண்டு யானை, அன்னம், எறும்பு என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்து, கடைசியில் தேனீயிடம் வந்து சேர்ந்திருந்தார். அதற்காகவே மொட்டைமாடியில் ஒரு தேனீப் பெட்டி. பெட்டி அவருடையது, பாடு மனைவியுடையது. தேன்வாயர் என்ற பெயர் தெரு வைத்தது. கேலி என்று புரியாமல் அதையே அழைப்பிதழில் அச்சடித்துக்கொண்டார்.

அன்று 'துணையைப் போற்றுவோம்' என்று ஒரு வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. சட்டையில் ஒரு மடிப்பு சரியில்லை என்று கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் வீசியடித்தார். சில்லு தெறித்து மனைவியின் புறங்கையைக் கிழித்தது. அவள் ரத்தத்தைக் குழாயில் காட்டிக் கழுவிவிட்டு, துணி சுற்றிக்கொண்டு, சட்டையை மறுபடி தேய்த்தாள்.

படம் பிடிக்க வந்தவன் அவள் தம்பி. இருசக்கர வண்டி மெக்கானிக். தரையில் கிடந்த சில்லையும் அக்காவின் கையையும் பார்த்தான்.

"என்ன மாமா, இன்னைக்கு என்ன தலைப்பு?"

"துணையைப் போற்றுவோம்."

"ஓ, ஆரம்பிச்சாச்சு போலிருக்கே."

மாடியில் மனைவி புகைபோடும் டப்பாவையும் வலைத்தொப்பியையும் எடுத்தாள். தேன்வாயர் இரண்டையும் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"புகை போட்டா படம் மங்கிப் போகும். தொப்பி போட்டா உன் சிரிப்பு எப்படித் தெரியும்? நீதானே துணை! பெட்டி பக்கத்துல நின்னு சிரி."

"பூவே இல்லாத நேரங்க. அதுங்க கோபமா இருக்கும். நீங்க வேற சென்ட்டைக் குளிச்ச மாதிரி அடிச்சிருக்கீங்க."

"எத்தனை மேடையில தேனீயைப் பத்திப் பேசினவன் நான்! எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் போய் நின்றாள். சிரிக்கவும் செய்தாள்.

தேன்வாயர் குரலைக் கனிய வைத்தார். "அன்பர்களே! இந்தக் கூட்டைப் பாருங்கள். இங்கே சண்டை உண்டா? அடிதடி உண்டா? ஒருவர் மனம் நோக ஒருவர் நடப்பதுண்டா?"

தம்பி கேமராவைப் பெட்டி வாசலுக்குத் திருப்பினான். அங்கே நாலைந்து தேனீக்கள் சேர்ந்து ஒரு தடித்த தேனீயை இறக்கையைக் கடித்து வெளியே இழுத்துப் போட்டன. அது திரும்ப உள்ளே நுழையப் பார்த்தது. காலைக் கடித்துப் புரட்டித் தள்ளின. கீழே தரையில் அதே மாதிரி தடியர்கள் இறக்கை கிழிந்து, குப்புறக் கிடந்து, துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இது?"

"ஆம்பளைத் தேனீங்க. பூ குறைஞ்சா இப்படித்தான். வேலை செய்யாம ரீங்காரம் மட்டும் போட்டுக்கிட்டு உக்காந்து தின்கிறதையெல்லாம் பொம்பளைங்க வெளிய இழுத்துக் கொன்னுடும்."

தம்பி சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது.

தேன்வாயருக்கு ரத்தம் தலைக்கேறியது. தேனீயை உதைக்க முடியாது, மச்சானை உதைத்தால் திருப்பி உதைப்பான். பெட்டியை உதைத்தார்.

பெட்டி சாய்ந்து மூடி தெறித்தது. உள்ளேயிருந்து ஒரு கறுப்புச் சுருள் சீறி எழுந்தது. அடுத்த நொடி அவர் கழுத்தில் நெருப்பு. கையால் அடித்தார். நசுங்கிய தேனீயின் வாடை பிடித்து நூறு வந்தது. மச்சானின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, தானும் பாய்ந்து, மாடிக் கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டார்.

"அக்கா வெளிய இருக்கா!"

"திறந்தா எல்லாம் உள்ள வந்துடும்டா!"

கதவு தடதடத்தது. அவள் இரண்டு கையாலும் அடித்தாள். "என்னங்க! என்னங்க!"

தேன்வாயர் தாழ்ப்பாளின் மேல் முதுகைக் கொடுத்து நின்றார். தம்பியின் குத்து அவர் மூக்கில் இறங்கியது. உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது. தேய்த்த சட்டையில் ரத்தம் வழிந்தது. அப்போதும் நகரவில்லை. தம்பி கழுத்தைப் பிடித்து அவர் தலையைக் கதவில் மோதினான். உள்ளிருந்து ஒரு மோதல், வெளியிலிருந்து ஒரு தட்டல்.

பிறகு உள்ளிருந்து மட்டும்.

வெளியே ஒன்றுமில்லை. 'என்னங்க' இல்லை. அந்தச் சொல் தன் வீட்டில் சுவர் மாதிரி இருந்ததென்று, இடிந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கை தானாகப் பின்னால் போய்த் தாழ்ப்பாளை இழுத்தது.

வாசலில் அவள் சுருண்டு கிடந்தாள். முகமே தெரியவில்லை. தேனீக்கள் அப்பியிருந்தன. தேன்வாயர் ஒரு கணம் நின்றார். நின்றது தம்பிக்குப் பிடிக்கவில்லை. பிட்டத்தில் விட்டான் ஓர் உதை. தேன்வாயர் அவள்மேல் போய் விழுந்தார்.

விழுந்தது உதையால். எழுந்திருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. காதிலும் இமையிலும் உதட்டிலும் ஊசி ஊசியாக இறங்கியது. அவர் சட்டையைக் கழற்றி அவள் தலையில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அப்படியே கிடந்தார். கொட்டிய ஒவ்வொன்றும் கொடுக்கை அவர் முதுகில் விட்டுவிட்டு, குடல் பிய்ந்து கீழே விழுந்து செத்தது. கூட்டைக் காக்க அவை அவ்வளவும் கொடுத்தன. மேடையில் அவர் இதைச் சொன்னதில்லை.

தம்பி ஈரப் போர்வையும் புகையுமாக வந்து இருவரையும் இழுத்துப் போட்டான்.

மருத்துவமனையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னதும் மனைவி முதலில் சொன்னது, "தம்பி, இங்கிருந்து நேரா உன் வீட்டுக்கு வந்துடறேன்" என்பதுதான். தேன்வாயர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று மாலை பேச்சாளர் சங்கச் செயலாளர் பழக்கூடையோடு வந்தார்.

"ஐயா! மனைவியைக் காப்பாத்தத் தேனீக் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சீங்களாமே! அடுத்த கூட்டத்துல இதைத்தான் பேசறீங்க!"

தம்பி தொண்டையைச் செருமினான். மனைவி, வீங்கிய இமை இடுக்கு வழியாகக் கணவரைப் பார்த்தாள்.

"பாயல," என்றார் தேன்வாயர். உதடு பூசணிக்காயாக இருந்தது. "அவ தொப்பியைப் பிடுங்கி வெச்சேன். பெட்டியை உதைச்சேன். அவளை வெளிய விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். மச்சான் உதைச்சான், விழுந்தேன்."

செயலாளர் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இதை எப்படிங்கய்யா மேடையில..."

"மேடை வேண்டாம்."

செயலாளர் போகும்போது கூடையையும் எடுத்துக்கொண்டு போனார். அது வீரருக்கு வாங்கியது.

பிறகு மனைவி, "விழுந்தப்புறம் ஏன் எழுந்திருக்கல?" என்றாள்.

"நீ கூப்பிடறதை நிறுத்திட்டே."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எங்க வீட்டு மாடிக் கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டிடுடா. நான் அங்க திரும்பி வர்றதுக்குள்ள."

"அந்தக் கதவு மட்டும் போதுமாக்கா?"

"எல்லாக் கதவுலயும். குளியலறையைத் தவிர."

"குளியலறைக்கு நல்ல தாழ்ப்பாள் நம்ம கடையிலயே..." என்று ஆரம்பித்தார் தேன்வாயர்.

"வாயை மூடுங்க."

அவர் மூடப் பார்த்தார். வீக்கத்தில் உதடுகள் சேரவில்லை. ஆனாலும் பேசவில்லை.