தம்பி கட் ஆயிட்டான்

கோல்ஃப் என்கிற விளையாட்டைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், யோகலட்சுமி அவனை நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. ஆமத்தூர் ரோட்டில் பட்டாசு லோடு ஏற்ற நாலு லாரி வரிசையாக நிற்கிறது. இந்த நேரத்தில் கம்பெனி ஆபீஸில் டி.வி.யைப் போட்டுக்கொண்டு, அப்பா சண்முகவேலும் சோலைமலை மாமாவும் எவனோ ஒரு வெள்ளைக்காரன் புல்லில் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனும் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். அடிப்பது அரை நிமிஷம், நடப்பது கால் மணி நேரம். இதற்கு சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் இன்னும் நாலு பேர் சுறுசுறுப்பாக நடப்பதைப் பார்க்கலாம்.

தம்பி மணிகண்டராஜ் அந்தப் புல்லில்தான் எங்கேயோ இருக்கிறான். டெல்லிக்குப் பக்கத்தில் நடக்கிற போட்டி. உலகத்தில் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் என்று யார் யார் உண்டோ, பாதிப் பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். நம் நாட்டு ஆட்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவன் முதுகு பிடித்துக்கொண்டு விலக, கடைசி நேரத்தில் இவனுக்கு அடித்தது யோகம். நாலு நாள் ஆட்டம். இரண்டாம் நாள் முடிந்ததும் ஒரு கோடு கிழித்து, பின்னால் இருக்கிற பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குப் பெயர் கட்.

இன்றைக்கு இரண்டாம் நாள்.

அப்பா போன மாதமே தம்பியிடம் கண்டிஷன் போட்டிருந்தார். அஞ்சு வருஷம் ஆடியாச்சு, இந்தப் போட்டியில் கட்டைத் தாண்டவில்லையென்றால் மட்டையை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து கம்பெனியைப் பார்க்க வேண்டும். அவனும் சரியென்று தலையாட்டிவிட்டான். ஆட்டாமல் என்ன செய்வான், அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவனா அவன்? இந்த ஒப்பந்தத்தில் யோகலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் யாருமில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக இந்தக் கம்பெனியை ஓட்டுவது அவள். லைசென்ஸ் புதுப்பிக்க அலைவது அவள், வடக்கத்தி ஏஜெண்டுகளிடம் இந்தியில் மல்லுக்கட்டுவது அவள், மருந்துக் கலவை அறையில் ஒரு சாக்கு கூடுதலாக இருந்தால் போர்மேனைக் கிழித்துத் தொங்கவிடுவதும் அவள். ஆனால் அவள் உட்காருகிற அறைக்கு இன்றைக்கும் பெயர் ‘தம்பி ரூம்’. தம்பி அந்த அறையில் மொத்தமாக உட்கார்ந்தது ஒரு மத்தியானம். அதுவும் ஏ.சி. இருந்ததால்.

ஆகவே அவன் தோற்றுத் திரும்பினால் போவது யாருடைய வேலை என்பதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூட நாளில் தம்பி பந்தடித்து உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அடி வாங்கியது அவள். அந்தக் கடன்காரன் ஜெயிக்க வேண்டுமென்று இரண்டு நாளாகச் சோறு இறங்காமல், பத்திரகாளியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையெழுத்து.

டி.வி.யில் தம்பியைக் காட்டவே இல்லை. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவன் மூக்கைச் சிந்தினால்கூட மூன்று கேமராவில் காட்டினார்கள். தம்பியின் நிலவரத்தை யோகலட்சுமியின் போனில்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் போதாது, விளக்கவும் வேண்டியிருந்தது. நேற்று மைனஸ் ரெண்டு என்று அவள் சொன்னதும், மைனஸ் என்றால் நட்டம்தானே என்று அப்பா உச்சுக் கொட்டினார். இல்லை, இத்தனை அடிக்குள் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டுமென்று கணக்கு, அதற்கு ரெண்டு அடி குறைவாகவே முடித்துவிட்டான், குறையக் குறைய நல்லது என்று விளக்கினாள். மாமாவுக்குப் பிடிபடவில்லை. பத்து ஆள் ஏற்ற வேண்டிய லோடை எட்டு ஆளை வைத்து ஏற்றிய மாதிரி என்று சொல்லிப் பார்த்தாள்.

“அப்ப மிச்சம் ரெண்டு பேரு எங்க போனானுக?” என்றார் மாமா.

அதற்குமேல் அவள் விளக்கவில்லை.

இன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கோடு மைனஸ் ஒன்றில் வந்து நின்றது. தம்பியும் மைனஸ் ஒன்றில் நின்றான். பதினேழாவது குழியில் ஒரு அடி கூடுதலாகப் போட்டுத் தொலைத்தான். போனில் அவன் பெயருக்கு எதிரே இருந்த எண் போய், ‘ஈ’ என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்து வந்தது. கூடவும் இல்லை குறையவும் இல்லை, சமம் என்று அர்த்தம். எட்டிப் பார்த்த மாமா, ஈ என்றால் எலிமினேட் தானே என்று அப்பாவிடம் நல்ல சேதி மாதிரி சொன்னார். யோகலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். மிச்சம் ஒரே ஒரு குழி. அதில் ஒரு அடி மிச்சம் பிடித்தால் தம்பி உள்ளே, இல்லையென்றால் இவள் வெளியே.

அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்போர்ட் கமாலுதீன் வாசலில் வந்து நின்றார். முதல் லாரி ஏற்றி முடிந்தது, அம்மா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்ப முடியும், சாயங்காலம் ஆனால் ரோட்டில் மறிப்பார்கள் என்றார். அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், போய்ப் பார்த்துட்டு வா தாயி என்றார். கம்பெனி வாரிசுக்காகக் காத்திருக்கிறது, வேலை மட்டும் காத்திருக்காதாம்.

பட்டாசு குடோனுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சட்டத்தை மீறியவர்களுக்கு மெமோ கொடுக்கிறவளே அவள்தான். கேட்டில் செக்யூரிட்டி காமராஜிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி எண்ணி, லேபிள் பார்த்து, தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டவில்லையென்று லோடுமேன்களைச் சத்தம் போட்டு, திருப்பிக் கட்டவைத்துக் கையெழுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது காமராஜ் போனோடு சேர்த்து ஒரு மைசூர்பாகையும் நீட்டினார். முதலாளி எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார் என்றார்.

தாண்டிவிட்டான்! யோகலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. மைசூர்பாகைப் பாதி கடித்துவிட்டாள். இரண்டு நாளைக்கப்புறம் தொண்டையில் இறங்கிய முதல் வாய்.

“சின்ன முதலாளி திங்கக்கிழமை வாராகளாம்ல. இனி உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லக்கா” என்றார் காமராஜ்.

வாயில் இருந்தது அப்படியே நின்றது. போனைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. ஆபீஸுக்குள் போனால், மாமா பெயர்ப் போர்டு எழுதுகிற ஆளிடம் போனில் தம்பி பெயருக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. தம்பியே மெசேஜ் போட்டுவிட்டான் என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார். கட் என்று அவனே எழுதியிருக்கிறான், நாமாகச் சொல்லவில்லை என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

“திங்கக்கிழமை நல்ல நாளு. தம்பி ரூமை ஒழிச்சுக் குடுத்துரு, தாயி. கட்டிக் குடுத்த பிள்ளை எம்புட்டு நாளைக்குத்தான் இங்கன கெடந்து அல்லாடுவ. வீட்டைப் பாரு, பிள்ளைகளைப் பாரு.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

அறைக்குப் போய் மேஜை டிராயரை இழுத்தாள். ஆறு வருஷத்து ரப்பர் ஸ்டாம்பு, லைசென்ஸ் நகல்கள், தலைவலி மாத்திரை அட்டை, மகன் வரைந்த ராக்கெட் படம். எல்லாவற்றையும் ஒரு பழைய வெடிப்பெட்டியில் போட ஆரம்பித்தாள். ஆத்திரத்தில் ஸ்டாப்ளரைப் போட்ட வேகத்தில் அது இரண்டாக உடைந்தது.

போன் அடித்தது. தம்பி.

“அக்கா, பாத்தியா? கடைசிக் குழியில ஒண்ணு மிச்சம் புடிச்சுட்டேன்க்கா. மைனஸ் ஒண்ணு. சரியா கோட்டு மேல. அப்பாவுக்கு அப்பவே மெசேஜ் போட்டேன், மேட் த கட்டுன்னு. ஒரு பதிலையும் காணோம். கோவமா இருக்காகளா?”

யோகலட்சுமி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டைத் தாண்டிவிட்டேன் என்று பிள்ளை இங்கிலீஷில் எழுதியிருக்கிறான். இந்த ஊரில் ஆர்டர் கட், லோடு கட், கரண்ட் கட். கட் என்று வந்து நல்ல சேதி வந்ததாகச் சரித்திரம் உண்டா? மூன்று வார்த்தையில் கடைசி வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, அப்பா ஊருக்கே மைசூர்பாகு வாங்கிவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் எரிச்சல் வந்தது. தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்லாச் சாப்பிடு, தூங்கு, திங்கக்கிழமை இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஆபீஸுக்கு வந்து டி.வி.யை அணைத்தாள். கட் ஆகவில்லை, கட்டைத் தாண்டிவிட்டான், வீட்டுக்குப் போவது மற்றவர்கள், இவன் நாளைக்கும் மறுநாளும் அந்தப் பெரிய ஆட்களோடு ஆடுகிறான் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். தன் போனில் அவன் பெயரையும் எண்ணையும் காட்டினாள். மாமா போர்டுக்காரரிடம், இருங்க, அப்புறம் கூப்பிடுறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பெற்ற பிள்ளை உலகத்து ஆட்களுக்கு நடுவில் நின்றுவிட்டான் என்று கேட்டு முகம் விழுகிற தகப்பனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் மேஜையில் பிரித்து வைத்திருந்த மைசூர்பாகுப் பெட்டியை மெதுவாக மூடினார்.

“அப்ப இந்தக் கம்பெனியை யாருதான் பாக்குறது?” என்றார்.

யோகலட்சுமியின் குரல் உயரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஆறு வருஷமா யாருப்பா பாத்தது? நெஞ்சு வலின்னு நீங்க படுத்த அன்னைக்கு வந்து உக்காந்தவ நான். அவன் தோத்துறக் கூடாதேன்னு ரெண்டு நாளா பட்டினி கெடக்கேன். எதுக்குன்னு நெனைக்கீக? எனக்கு இந்தக் கம்பெனி வேணும்.”

மாமா தரையைப் பார்த்தார். அப்பா அவளையே பார்த்தார். வெளியே இரண்டாவது லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

“வேணும்னு நீ ஒரு நாளும் கேட்டதில்லையே, தாயி” என்றார் அப்பா. குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“அவன் கேட்டானாப்பா?” என்றாள் யோகலட்சுமி.