டயானாவின் இரத்தம்

படித்தவன் முட்டாளாக இருக்கக்கூடாது என்று பிரஷ்யாவில் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எங்கள் கால்நடை ஆய்வுக்கூடத்தில் டாக்டர் ஃபோன் ப்ராலுக்கு நாற்காலி கிடைத்திருக்காது. நான் அங்கே பதினோரு வருடம் குழாய் கழுவி, இரத்தத்தின் தெளிநீரான சீரத்தை அளந்த உதவியாளன்.

வண்டிக்காரர் பாகுல்கேவுக்கு இருந்தது ஒரே குதிரை, லீஸே. பக்கத்துக் கொட்டிலில் ஒரு குதிரை, தொற்றிப் பரவும் கொடிய சளிநோயில் செத்ததால், லீஸேயையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் இரத்தம் எடுத்துவிட்டுத்தான், நோயிருந்தால் வீக்கமும் காய்ச்சலும் வரவைக்கும் மல்லீன் சோதனை ஊசியைப் போட வேண்டும். நோயில்லாத குதிரைக்கும் அந்த ஊசியே இரத்தச் சோதனையின் எண்ணை ஏற்றிவிடும் என்பதை எத்தனையோ குதிரைகளில் நான் பார்த்திருக்கிறேன். டாக்டரோ எடுத்த எடுப்பில் ஊசியைக் குத்தினார். பாகுல்கே பயந்ததும், தன் சவாரிக் குதிரை டயானாவுக்கும் அதே ஊசியைப் போட்டுப் பெருந்தன்மை காட்டினார்.

இரண்டுக்கும் வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பத்து நாள் கழித்து லீஸேயின் இரத்தத்தை எடுத்தார். சீரத்தில் ஆயிரம் மடங்கு நீர் கலந்த பிறகும், சோதனைக்காக அதில் விட்ட செத்த நோய்க்கிருமிகள் திரண்டு குழாயின் அடியில் படிந்தன. ஆயிரம் என்றால் நோய். நோய் என்றால் துப்பாக்கி.

"ஊசி போட்டதாலதான் ஏறியிருக்கும், டாக்டர்."

"நீ குழாய் கழுவுற வேலையப் பாரு, மாட்டெஸ்."

விதிப்படி இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அன்று மத்தியானம் டாக்டரின் லாயத்துக்குப் போய் டயானாவிடமும் கொஞ்சம் இரத்தம் எடுத்தேன். லீஸேக்கு ஒன்று, டயானாவுக்கு ஒன்று என்று வைத்த இரண்டு வரிசைக் குழாய்களிலும் பெயர் எழுதவில்லை, எண் மட்டும் ஒட்டினேன்.

மறுநாள் பாகுல்கே தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். டாக்டர் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு, ஆயிரம். ரெண்டு, ரெண்டாயிரம். ரெண்டாவது படுமோசம், இன்னைக்கே சுட்டுடணும்." எண் மட்டும் இருந்த இரண்டு முடிவுத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். "அது யார் குதிரை?"

"உங்க டயானா, டாக்டர்."

மீசை மட்டும் அசைந்தது. "நீ குழாயச் சரியாக் கழுவல."

"அப்ப எங்க லீஸேக்கு மட்டும் சரியாக் கழுவிட்டாருங்களா?" என்றார் பாகுல்கே.

டாக்டர் இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டார். லீஸே வண்டியை இழுத்துக்கொண்டு வீடு போனது.

அடுத்த மாதம் கால்நடை மருத்துவர் சங்கக் கூட்டத்தில் டாக்டர் பேசினார். ஊசிக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும் என்பதை அவர் கண்டுபிடித்தாராம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.