பன்னிரண்டாவது கட்டு

ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு சாக்குகளை இறக்கி, நூலக வாசலில் தொப்பென்று வைத்தாள் காந்தா.

"புக்கு குடுக்க வந்தேன் மேடம். ரசீது வேணும். மதிப்பு இவ்ளோன்னு அதுல எழுதியே ஆவணும்."

தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தின் நூலகத்துக்கு அகிலா நூலகராக மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நன்கொடை என்றாலே அவளுக்கு உதறல். வீடு காலி செய்கிறவர்கள் பழைய டைரியையும் தேதி போன காலண்டரையும் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள்.

"மதிப்பு எதுக்கும்மா?"

"மவன் செவிலிமேட்டுல வூடு கட்டிட்டான். அங்க போறோம். மருமவ தீபிகா இருக்குறாளே, சாக்கைத் தராசுல தொங்கவுட்டு, 'கிலோ பதினாலு ரூபா, எடைக்குப் போட்டுடலாம் அத்தே'ங்கறா. முப்பத்தஞ்சு வருஷம் சேர்த்ததும்மா! கவர்மென்ட் சீல் வெச்சு எழுதிக் குடு. அவ மூஞ்சிக்கு நேரா காட்டுறேன்."

முதல் சாக்கில் அச்சுப் புத்தகங்கள். பின்னட்டையில் விலை இருந்ததால் பதிவேட்டில் மளமளவென்று ஏறின. இரண்டாவது சாக்கில்தான் வந்தது வினை. வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பட்டு நூலால் தைத்த தடித் தடிக் கட்டுகள். அட்டை முழுக்கப் பொத்தல்.

"ஐயோ, பூச்சி அரிச்சிருக்குதேம்மா!"

காந்தா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பூச்சி இன்னா, ஸ்கேல் வெச்சா அரிக்கும்? டிசைனுக்கு ஓட்டை போட்டு தறியில மாட்டுற ஜக்கார்டு அட்டைம்மா அது. டிசைன் மாறினா தூக்கிப் போட்டுருவாங்க. கெட்டியா இருக்குதேன்னு புக்குக்குப் போட்டேன். நீ எந்த ஊரு?"

"வாலாஜாபாத். எங்க வூட்ல நெல்லுதான்" என்று அசடு வழிந்தாள் அகிலா. பேனாவை எடுத்தாள். "பதிப்பகம்?"

"தச்சது நான். எம் பேரைப் போடு."

"விலை?"

காந்தா கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலையும் பதிப்பகமும் இல்லாத கட்டை இருப்பில் சேர்க்க விதி கிடையாது. அகிலா தயங்கித் தயங்கி ஒரு பூஜ்யம் போட்டாள். எட்டிப் பார்த்த காந்தாவின் முகம் விழுந்துவிட்டது.

"சைபரா? இதுக்கு அவ சொன்ன பதினாலு ரூபாயே தேவலாமே."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அகிலா ஒரு கட்டைப் புரட்டினாள். கடைசி அட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குண்டு குண்டான எழுத்து. 'பொன்னி, தை மாசம் வாங்கினா. மாசியில தந்தா. கண்ணாயிரம் வீட்டம்மா, அஞ்சாம் வாரத்துல சாம்பார் கொட்டிட்டா. அனு, ரெண்டு தரம்.' திருப்பித் தந்தவர் பெயருக்கெல்லாம் ஒரு டிக்.

எண்ணினாள். நாற்பத்தொன்று.

எழுந்து போய், நூலகத்தில் அதிகம் போகிற நாவலை எடுத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் பத்தொன்பது முறை. திரும்பி வந்து பூஜ்யத்தை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'விலை அச்சிடப்படவில்லை. படித்தவர்கள் 41.' அடுத்த கட்டை எடுத்தாள். எல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பதினோரு கட்டுகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"காந்தாம்மா, இதை இருப்புல சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதிக் கேக்குறேன். அதுவரைக்கும் மேஜை மேல வெக்கறேன், இங்கயே உக்காந்து படிக்கட்டும். ஒத்துக்கலேன்னா உங்க கையிலயே திருப்பித் தருவேன். எடைக்குப் போவாது."

சீல் வைத்து அகிலா நீட்டிய ரசீதைக் காந்தா உதடு அசைய வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். திடீரென்று விரல் நின்றது.

"பதினொண்ணுன்னு போட்டுக்கிறியே. பன்னெண்டும்மா."

"இங்க பதினொண்ணுதான் இருக்குது."

"ஏழாவது கதைக்கு ரெண்டாம் பாகம் உண்டு. எதிர்த் தெரு கங்கையம்மாகிட்ட மாட்டிக்கினு இருக்குது. நாலு வருஷமா 'தேடுறேன், தேடுறேன்'னு சொல்லிக்கினே இருக்குறா."

ரசீதை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். வாசலில் செவிலிமேட்டு ஆட்டோ ஹாரன் அடித்தது.

"நீ போப்பா. மருமவகிட்ட அப்புறம் காட்டிக்கலாம்" என்று எதிர்த் தெருவுக்குள் விறுவிறுவென்று நடந்தாள்.

அகிலா பதிவேட்டில் பன்னிரண்டாம் எண்ணைப் பென்சிலால் எழுதி, வரியைக் காலியாக விட்டாள். தறிச் சத்தத்தை மீறிக்கொண்டு தெருவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அடியே கங்கா! அது இப்ப கவர்மென்ட் புக்கு ஆயிடுச்சுடி! எடு வெளிய!"