தேரோடும் தெருவில் ஒரு நடை

கோட்டாறில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் தங்கப்பன் என்றால், கருப்பட்டியைவிட என் வாயைத்தான் ஊருக்குத் தெரியும். ஓர் ஆடி மாதம் கோபத்தில் தராசைத் தூக்கி எறிந்தேன். தட்டு என் வீட்டுக்காரி பூங்கனியின் நெற்றியைக் கிழித்துவிட்டது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் ராஜாக்கமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், பிறகு திரும்ப மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அதனால்தான் தாசில்தார் கச்சேரி குமாஸ்தா தாணுலிங்கம் பிள்ளை கூப்பிட்டதும் அவர் தென்னந்தோப்புக்குத் தியானம் படிக்கப் போனேன். வடக்கேயிருந்து வந்த ஒரு சாமியார் அங்கே ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் இருப்பு, பிறகு நிற்பு, கடைசியில் நடை. நடக்கும்போது கண் தரையைவிட்டு எழும்பக் கூடாது, மூச்சும் அடியும் சேர்ந்து போக வேண்டும். உட்கார்ந்தால் எனக்குப் பழைய சண்டையெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். நின்றால் கால் கடுக்கும். நடந்தால் மட்டும்தான், சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு குளிர்ந்தது. வீட்டில் என் சத்தம் குறைந்தது. பூங்கனி மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, இங்கிலீஷுக்கு 1930, ஐப்பசி மழையில் தோப்பு சேறானது. இருப்பும் நிற்பும் தோப்புக் கொட்டகையிலேயே இருக்கட்டும், நடையைக் கோயில் தேரோடும் தெருவுக்கு மாற்றலாம், அது கல் பாவிய இடம் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தெருமுனையில், எங்கள் சாதிக்காரன் கடக்கக் கூடாது என்று பலகை நிற்கிறது. ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. ஏன் இருக்கும்? பலகை அவர்களுக்கா எழுதியது?

அப்படியானால் நான் எங்கே நடப்பது என்று கேட்டேன். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். தாணுலிங்கம் பிள்ளைதான் பதில் சொன்னார்.

"நீரு இங்கனயே இரியும் வேய். இருந்தா என்ன, நடந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா நீரு இரியும். நான் நடக்கேன்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. அந்தக் கோபத்தோடு போனால் பூங்கனிதான் அகப்படுவாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவர்கள் பின்னாலேயே நடந்தேன். பலகை வந்தது, தாண்டினேன். கோயில் காவல்காரன் குறுக்கே வந்து தடியை நீட்டினான். நடக்க விடவில்லை, நின்றேன். நிற்காதே என்று முழங்காலில் ஓங்கிப் போட்டான். விழுந்தவன் எழும்பவில்லை, தெரு நடுவில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். காவல்காரன் ஆள் கூட்டிவர ஓடினான்.

அதற்குள் அவர்கள் தெருவைச் சுற்றித் திரும்பி வந்துவிட்டார்கள். முன்னால் தாணுலிங்கம் பிள்ளை. தோப்பில் எனக்கு அடுத்த பாயில் இருக்கிறவர், என் கடைக் கருப்பட்டி இல்லாமல் காப்பி குடிக்காதவர். தரையைப் பார்த்து நடக்கிறவருக்குத் தரையில் ரத்தத்தோடு இருக்கிறவனைத் தெரியாமலா போகும்?

"பிள்ளைவாள், என்னப் பாரும்" என்றேன்.

அவர் வேட்டி நுனி என்மேல் பட்டுவிடாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றிப் போனார். மூச்சு மாறவில்லை. ஓர் அடிகூடப் பிசகவில்லை. நாசமாய்ப் போகிறவருக்குத் தியானம் நன்றாகவே கைகூடியிருந்தது.