மட்டம் இறங்காத பெட்டி

மாடி வீட்டில் என் ஓரகத்தி மண்ணில்லாமல் செடி வளர்க்கப் போவதாகச் சொன்னபோது நான் சிரித்தேன். அதற்கு என் கணவர் பைப் போட்டுக் கொடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இவருக்குத் தொழிலே பைப் வேலைதான். வீட்டுக்கு வந்தால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அப்படிப்பட்டவர், தம்பி மனைவி கேட்டாள் என்றதும் லீவு நாளில் மாடியேறி, வெள்ளை பைப்பில் வட்ட வட்டமாகத் துளை போட்டார். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்தார்.

"எதுக்கு இவ்ளோ தேய்க்கறீங்க?" என்றேன்.

"வேர் பட்டா கிழிஞ்சிடும்ல?"

வேருக்கு வலிக்கும் என்று யோசிக்கத் தெரிந்த மனிதருடனா இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்?

அந்தப் பைப்புகளில் சத்துக் கரைசல் கலந்த தண்ணீர் மோட்டாரில் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியில் மட்டம் குறைந்தால் மோட்டார் கெட்டுப்போகும் என்பதால், வேலை முடிந்து வந்ததும் இவர் நேரே மேலே போய்த் தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன சிரிப்பு என்று கேட்டால், "சும்மா" என்பார். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை இவர்.

ஒருநாள் ஓரகத்தி ஒரு கிண்ணம் நிறைய லெட்டூஸ் கீரை, சாலட்டில் போடுவார்களே அது, கொண்டுவந்தாள். "அக்கா, முதல் பறிப்பு. அத்தான் இல்லன்னா இது நடந்தே இருக்காது."

சாப்பிட்டேன். நாக்கு நன்றாக இருக்கிறது என்றது. வயிறுதான் எரிந்தது. அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெருக்கித் துடைத்த மாதிரி சுத்தமான மனசு. அப்படிப்பட்டவள்மேல் பொறாமைப்படுவது, கை வைக்க இடமில்லாத சுவரில் ஏறுவதுபோல் இருந்தது.

அதன்பிறகுதான் நானும் தொடங்கினேன், யாருக்கும் சொல்லாமல். செடி வளர்ந்து, இவர் தற்செயலாகப் பார்த்து, "அட, நீயா?" என்று வாய் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மோட்டார் வேண்டாத முறை ஒன்றை ஃபோனில் பார்த்து வைத்திருந்தேன். தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கருப்புத் தாளால் சுற்றினேன். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். மூடியில் துளை போட்டு, நாற்று வைத்த சல்லடைக் கிண்ணங்களைச் செருகினேன். பெட்டியில் சத்துக் கரைசலை ஒருமுறை நிரப்பினால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வேர் அதைத் தேடிக் கீழே நீளும். மேலே காலியாகிற இடத்தில் இருக்கிற வேர்கள் காற்றைச் சுவாசிக்கும். அந்த இடத்தை மறுபடி நிரப்பிவிடவே கூடாது. நிரப்பினால் செடி மூழ்கிச் சாகும்.

பெட்டியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. லென்ஸின் நடுப்புள்ளியைக் குறிக்கிற பேனாவால் பெட்டியின் உட்புறம் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டேன். முதலில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியது. துணி காயப்போடும் சாக்கில் போய்ப் போய் வேரைப் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று தொங்கும். கடையில் கூட வேலை பார்ப்பவள், "என்னடி, முகத்துல பல்பு எரியுது?" என்றாள்.

பிறகு மட்டம் இறங்குவது நின்றது. ஒருநாள் கோட்டுக்கும் மேலே விளிம்பு வரை தண்ணீர் நின்றது. இலை வதங்கியது. மூடியைத் தூக்கினால் வேரெல்லாம் பழுப்பாக, வழவழவென்று, ஒரு வாடையோடு.

யாரோ ஊற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! செடியைப் பற்றித் தெரிந்தவள் இந்த வீட்டில் ஒருத்திதானே? இரண்டு வீட்டுக்கும் பொதுவான மெஷினில் துணி எடுக்க அந்தப் பக்கம் வந்து போகிறவளும் அவள்தானே? அந்தக் கணம், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியில் அவள்மேல் ஒரு குறை கிடைத்துவிட்டது.

படபடவென்று மாடியேறினேன். அவள் கத்தரிக்கோலும் கையுமாகப் பைப்பருகில் நின்றிருந்தாள்.

"மோட்டார் இல்லாத என் பெட்டியில எதுக்குத் தண்ணி ஊத்துன?"

"நான் ஊத்தலக்கா."

"பின்ன தண்ணி தானா நடந்து வந்துச்சா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அத்தான்தான் ஊத்தறார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னார்."

எனக்குப் புரியவில்லை.

"வந்ததும் முதல்ல உங்க பெட்டியில மட்டம் பார்த்து ஊத்திட்டுத்தான் இங்க வருவாராம். 'ஆசையா ஒளிச்சு வச்சிருக்கா, வாடினா மனசு விட்டுடுவா'ன்னார். நேத்துகூட கேட்டார், 'தண்ணி குறையாமத்தான் பாத்துக்கறேன், ஏன் வாடுது'ன்னு. உங்களுது மோட்டார் இல்லாததுன்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன்."

முதலில் என் செடி, பிறகுதான் அவளுடையது. இதைக் கேட்கத்தானே இவ்வளவு காலம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்? ஆனால் கேட்டது யார் வாயால்? என்மேல் அவருக்கு இருக்கிற அக்கறைகூட மாடிக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்து சேருகிறது. ஆறிய நெஞ்சு அதே நொடியில் மறுபடி பற்றிக்கொண்டது.

"தப்பா கேட்டுட்டேன்" என்றேன் அவளிடம்.

"பரவால்லக்கா. எனக்கே கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. இவரு என் செடி என்ன நிறம்னாவது சொல்வாரான்னு கேட்டுப் பாருங்க" என்று அவள் தன் கணவரைச் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் இவர் பக்கெட்டும் கையுமாக வந்தபோது, நான் வாஷிங் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"செத்துப் போச்சு" என்றேன். "நீங்க ஊத்தின தண்ணியில."

அவர் முகம் வாடிவிட்டது. "ஐயையோ. மேல மாதிரின்னு நெனச்சேன்."

"மேல மாதிரி இல்ல. இது வேற. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீதான் ஒளிச்சு வச்சிருந்தியே. கண்டுபிடிச்சேன்னு சொன்னா உன் ஆச போயிடாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதோடு விட்டுவிடவும் மனசில்லை.

"இனிமே என் செடியப் பத்தி மேல போய் ஒரு வார்த்த கேக்கக் கூடாது. என்ன சந்தேகம்னாலும் எங்கிட்ட கேளுங்க."

"சரி தாயே." பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "சொல்லு. தண்ணி எவ்வளவு இருக்கணும்?"

புது நாற்றை எடுத்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எந்த வேர் குடிக்கும், எந்த வேர் மூச்சு விடும், ஏன் இடம் விட வேண்டும் என்றெல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். மாடியில் மோட்டார் நின்றுபோன சத்தமும், "அத்தான்!" என்று அவள் கூப்பிட்டதும் கேட்டன.

"இரும்மா, வர்றேன்" என்று நிமிராமலே குரல் கொடுத்துவிட்டு, "ம், அப்புறம்?" என்றார் என்னிடம்.

சொல்லி முடிக்க நான் கொஞ்சமும் அவசரப்படவில்லை.