அம்மாளின் எண்ணெயில் ஓடிய எஞ்சின்

வள்ளம் கடலடிப் பாறைமேடான பாரை நோக்கி நகர்கிறது என்பதை முதலில் சொன்னவள் இரத்தினம்மா. கனகலிங்கம் அதைக் காணாதவன் அல்ல. கண்டுவிட்டுத்தான் எஞ்சினை முறைத்துக்கொண்டு நின்றான், அது வெட்கப்பட்டாவது ஓடத் தொடங்கும் என்ற நம்பிக்கையில்.

“உந்த நுரை முன்னம் இவ்வளவு கிட்ட இல்லையே?”

“அது வெறும் அலை, மச்சாள்.”

“அலைக்குக் கறுப்புப் பல்லு இருக்குமோ?”

இரத்தினம்மா அவனுடைய மனைவியின் தமக்கை. அறுபத்தோராம் ஆண்டு தை மாதக் கடைசி வெள்ளிக்கு, நயினாதீவுக் கோயில் அம்மாளுக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய் நேர்ந்திருந்தாள். பஸ்ஸில் போய்த் தோணி ஏறியிருக்கலாம். ஆனால் கனகலிங்கம் வள்ளத்தில் பூட்டிய மண்ணெண்ணெய் எஞ்சினை மயிலிட்டி முழுவதும் பார்த்தாயிற்று, நயினாதீவும் பார்க்க வேண்டாமா? பாயும் மரமும் எஞ்சினுக்கு அவமானம் என்று அவற்றைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான்.

எஞ்சின் புதிதல்ல. சுன்னாகத்தில் ஒரு புகையிலைத் தோட்டத்துக்கு வருடக்கணக்காகத் தண்ணீர் இறைத்தது. இறைத்த இறைப்பில் கிணற்று நீரில் ஒருநாள் மீன் வந்ததாக விற்றவன் சொன்னான். கனகலிங்கம் அதை நம்பித்தான் வாங்கினான்.

இரத்தினம்மாவின் தம்பி தம்பிஐயா மட்டும் சந்தேகப்பட்டான். “சாவகச்சேரியிலை மோட்டார் திருத்திற கராச்சிலை அமுக்கம் பார்க்கிற கேஜ் ஒண்டு இருக்கு அத்தான். சிலிண்டருக்குள்ளை எவ்வளவு எழும்புது எண்டு பூட்டிப் பார்ப்பம்.”

“கணக்குத் தெரிஞ்சவனுக்குக் கேஜ் ஏனடா?”

முதல்நாள் கனகலிங்கம் பிஸ்டனை உச்சிக்கு ஏற்றி, பிளக் துளை வழியே மருந்துக் கிளாசால் எண்ணெய் ஊற்றினான். மேலே மிஞ்சிய இடம் எவ்வளவு என்று கண்டான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தான். சுவரில் கரியால் பெருக்கிப் பிரித்தான். ஐந்துக்கு ஒன்று. விற்றவன் சொன்ன அதே விகிதம். ஐந்து பங்கு காற்றை ஒரு பங்காக நெரிக்கும் எஞ்சினுக்கு வேறு நற்சான்று எதற்கு? அவன் கணக்கை முடிப்பதற்குள் ஊற்றிய எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வெயிலுக்கு ஆவியாகிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டான். மிச்சத்தை வடித்து, பிளக்கைப் பூட்டி, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை எழுந்தது. தெரு கைதட்டியது.

இன்று காங்கேசன்துறையைத் தாண்டியதும் பழைய வலைத்துண்டு ஒன்று வள்ளத்தின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினார்கள். தம்பிஐயா குதித்து வலையை வெட்டி எறிந்துவிட்டு ஏறினான். அதற்குப் பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை. நங்கூரம் வழுக்குப் பாறையில் பற்றவில்லை. இருந்த ஒற்றைத் துடுப்பு வாடைக்காற்றுக்கு முன் ஒரு பொருட்டில்லை.

கனகலிங்கம் மறுபடி சுற்றினான். கைப்பிடி முறுக்கே இல்லாமல் இலேசாகச் சுழன்றது. தம்பிஐயா பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் அடைத்தான்.

“சுத்துங்கோ அத்தான்.”

சுற்றினான். “என்னடா, தள்ளுதோ?”

“என்ரை கடைக்குட்டி இதிலும் பலமா ஊதுவாள்.”

“ஐஞ்சுக்கு ஒண்டடா! நானெல்லே கணக்குப் பார்த்தனான்!”

“கணக்கு இடத்துக்கு அத்தான், காத்துக்கில்லை. உங்கடை ஐஞ்சு பங்கும் எங்கையோ ஒழுகிப் போகுது.”

பாரில் உடையும் அலையின் இரைச்சல் இப்போது பேச்சை மறைத்தது. தெறித்த நீர் இரத்தினம்மாவின் சேலையை நனைத்தது. கனகலிங்கத்துக்குக் கண்முன் அந்த ஒரு விரற்கடை எண்ணெய் வந்து நின்றது. எண்ணெய் வெயிலில் ஆவியாகிப் போவதை அவன் பிறந்ததிலிருந்து எங்கே கண்டான்? எண்ணெய் இறங்கிய வழிதான் காற்று இறங்கும் வழி. பிஸ்டனைச் சுற்றிய வளையங்கள் தேய்ந்துபோய்விட்டன. சொல்ல நாக்கு வரவில்லை. வள்ளத்தின் அடியில் ‘டொக்’ என்று ஏதோ தட்டியது. நாக்கு வந்துவிட்டது.

“தம்பிஐயா, நேற்று எஞ்சினை எழுப்பினது கணக்கில்லையடா. கணக்குப் பார்க்க ஊத்தின எண்ணெய். அது இடுக்கை அடைச்சுக்கொண்டு நிண்டிருக்கு. காலமை பிடிச்சதும் அதிலைதான், மிச்சமும் வந்த வழியிலை எரிஞ்சு போச்சு.”

“அப்ப எண்ணெயை எடுங்கோ!”

எண்ணெய்த் தகரம் கரையில், பாய்க்கும் மரத்துக்கும் துணையாக இருந்தது. எஞ்சினின் அடியில் கிடந்த எண்ணெயை எடுப்பதென்றால் எஞ்சினையே கழற்ற வேண்டும். இருவருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. இரத்தினம்மா மடியிலிருந்த போத்தலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

“இது அம்மாளின்ரை.”

“நாங்களும் அம்மாளிட்டைத்தானே போறம், மச்சாள்.”

“நீர் உந்தப் பாருக்கெல்லே கொண்டுபோறீர்.”

இன்னொரு ‘டொக்’. இம்முறை பலகை கிறீச்சிட்டது.

“எவ்வளவு வேணும்?”

“ரெண்டு கரண்டி.”

“அம்மாள் கேட்டா என்ன சொல்லுவீர்?”

“கணக்குப் பிழை எண்டு.”

“இரைச்சலிலை அவவுக்குக் கேளாது.”

“கணக்குப் பிழை!” என்று கனகலிங்கம் நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

இரத்தினம்மா தானே மூடியைத் திறந்து தானே ஊற்றினாள். மூன்றாவது கரண்டி விழுந்துவிடக்கூடாதே. தம்பிஐயா பெருவிரலை வைத்தான். கனகலிங்கம் சுற்றினான். ஒன்று, இரண்டு. மூன்றாம் சுற்றில் காற்று விரலைத் தூக்கி எறிந்தது.

“பிளக்! கெதியாப் பூட்டு!”

தம்பிஐயா பிளக்கை முறுக்கிப் பூட்டினான். பின்னால் எழுந்த அலை வள்ளத்தைப் பாரின் மேலேயே உயர்த்தியது. கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது. வள்ளத்தின் பச்சை வர்ணத்தில் ஒரு முழத்தைப் பாருக்குக் கொடுத்துவிட்டு ஆழத்துக்குத் திரும்பினார்கள்.

புகை வடை பொரிக்கும் வாசத்தோடு போனது. கீரிமலையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் துவாயோடு கரைக்கு வந்து, பந்தி எங்கே என்று தேடினார்கள். காரைநகர் வரைக்கும் காகங்கள் பின்தொடர்ந்தன. நம்பாதவர்கள் காகங்களைக் கேட்கலாம்.

நயினாதீவில் வள்ளம் துறையை உரசியதும் இரத்தினம்மா போத்தலோடு இறங்கினாள்.

“எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கும்பிட வாருமன்.”

“நிப்பாட்டினா... மச்சாள், உதிலை ரெண்டு கரண்டி...”

“மிச்சம் அம்மாளுக்கு.”

அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். கனகலிங்கம் எஞ்சினை நிறுத்தவில்லை. துறைக்கு வெளியே வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, கோபுரம் தெரியும்போதெல்லாம் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

“அத்தான், கோயிலைச் சுத்திறவையைக் கண்டிருக்கிறன். கடலைச் சுத்திறது நீங்கள்தான்.”

கனகலிங்கம் இன்னொரு வட்டம் சுற்றி இன்னொரு கும்பிடு போட்டான். பிறகு எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே தாழ்ந்த குரலில் கேட்டான்:

“தம்பிஐயா, சாவகச்சேரியிலை அந்தக் கேஜ் இன்னும் இருக்குமோ?”