யார் பக்கம் விழுந்ததோ

செவ்வாய்க்கிழமை காலையில், சோளம் கொட்டி வைத்திருந்த மொடாவுக்குப் பக்கத்தில் எலி ஒன்று செத்துக் கிடந்தது. பூவாத்தாள் அதைப் பார்த்ததும் முதல் காரியமாகத் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

பகலில் கதவைச் சாத்தி வைக்கிற பொம்பளை அல்ல அவள். எதிர்வீட்டுக் குப்பாயி குழம்பில் என்ன போட்டாள் என்பதை வாசத்திலேயே கண்டுபிடித்து, நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டும் வருகிறவள். காலையில் அவள் காதுக்கு வந்தது உச்சி வெயிலுக்குள் ஊர்க்கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ரகசியம் வாய்த்திருந்தது. அதை வெள்ளிக்கிழமை வரைக்கும் வயிற்றுக்குள் வைத்திருக்க வேண்டும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் இருபது நாளாக எலி செத்து விழுந்துகொண்டிருந்தது. எலி விழுந்த இடத்துக்குப் பின்னாலேயே பிளேக் வரும். காய்ச்சல், கக்கத்திலோ தொடை இடுக்கிலோ நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, அப்புறம் பாடை. செத்த எலியைக் கண்டால் உடனே மணியக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சொன்னால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கூரை ஓட்டைப் பிரிப்பார்கள், மருந்து அடிப்பார்கள், உள்ளே இருக்கிற மூட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். கொளுத்தியதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பூவாத்தாள்தான் அந்தச் சேதியைப் பத்து வீட்டுக்குச் சொல்லியிருந்தாள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளே நம்பிவிட்டாள்.

உள்ளறையில் பதினாலு மூட்டை மஞ்சள் அடுக்கியிருந்தது. பத்து மாதம் தண்ணீர் கட்டி, வெட்டி, வேகவைத்து, காயவைத்த மஞ்சள். புருஷன் குழந்தைவேல் மண்டிக்காரரைப் பார்க்கச் சேலம் போயிருந்தான். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவான். அதுவரை வீட்டில் அவளும், ஐந்து வயது மகள் அத்தாயியும்தான்.

அவளுக்கு நடுச்சுவர் ஞாபகம் வந்தது.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் குழந்தைவேலின் அண்ணன் குடும்பம். அண்ணன் பெண்டாட்டி சென்னம்மாளின் புறக்கடையில் நின்ற முருங்கை, கிளையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக் காய்த்தது. பூவாத்தாள் காயை எடுத்தாள், சென்னம்மாள் திட்டினாள், ஊர் கூடியது. யார் பக்கம் விழுகிறதோ அது அவர்களுடையது என்று பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். ஜெயித்தது பூவாத்தாள். அன்றிலிருந்து நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை, மற்றவள் காதில் படும்படி முணுமுணுப்பதைத் தவிர.

உடைந்த முறத்தில் எலியைத் தள்ளி எடுத்தாள். அதன் மூக்கோரம் ரத்தம் உறைந்திருந்தது. புறக்கடைக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு மேலே வீசினாள். அந்தப் பக்கம் பொத்தென்று கேட்டது.

"யாரு பக்கம் உழுகுதோ அவங்களது. பெரியவங்க சொன்னதுதான்" என்று முருங்கையைப் பார்த்துச் சொன்னாள்.

சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். பிறகு அத்தாயியை மடியில் போட்டுக் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கட்டி எதுவும் இல்லை. அம்மா கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்துப் பிள்ளை சிரித்தாள்.

சென்னம்மாள், காக்கை எச்சமிட்டாலே தெருவைக் கூட்டுகிறவள். பூவாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வரவில்லை. திட்டு வந்திருந்தால் நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்கும்.

புதன்கிழமை காலையில் முருங்கைக் கிளைக்கு அடியில், இவள் பக்கத்து மண்ணில், ஒரு எலி கிடந்தது. திருப்பி வீசியிருக்கிறாள். பூவாத்தாளுக்குப் பயத்திலும் ஒரு தெம்பு வந்தது. இது பழக்கப்பட்ட சண்டை. மறுபடியும் வீசினாள். மத்தியானம் இன்னொன்று கிடந்தது. அதையும் வீசினாள். எலி சுவர்மேல் பட்டு, வழுக்கி, நல்லவேளையாக அந்தப் பக்கமே விழுந்தது.

அன்று சாயங்காலம் குப்பாயி வந்து கதவைத் தட்டினாள். பூவாத்தாள் முகம் மட்டும் தெரியத் திறந்தாள்.

"ஏம் பூவாத்தா, ரெண்டு நாளாக் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கற? ஊட்டுக்காரருகூட ஊர்ல இல்லியே."

"தெருப்புழுதி மஞ்சள்ல படியுதுங்கக்கா."

"அது செரி. கெணத்தடியில ஒரு சேதியுமில்லாமப் பொழுதே போகல. உம் வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களோன்னு நெனச்சேன்."

சிரித்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. கூப்பிடாமலே அடுப்படி வரை வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற குப்பாயி, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலோடு போனாள். நாற்றம் தெரிந்துவிட்டதோ, நேரே மணியக்காரர் வீட்டுக்குத்தான் போகிறாளோ என்று பூவாத்தாள் கதவிடுக்கில் கண் வைத்துப் பார்த்தாள். குப்பாயி தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை உச்சி வெயிலில் அத்தாயி உள்ளறை நிலைப்படியில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு எலி வெளியே வந்தது. உயிருள்ள எலி. ஆளைக் கண்டு ஓடவில்லை. கள் குடித்தவனைப்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளையின் காலடி வரைக்கும் வந்து, மல்லாந்து, இரண்டு தடவை உதறிக்கொண்டு நின்றுபோனது.

"அம்மா, எலி தூங்கிருச்சு" என்றாள் அத்தாயி, கையை நீட்டிக்கொண்டே.

பூவாத்தாள் பிள்ளையைப் பறித்துத் தூக்கினாள். இதை யாரும் வீசவில்லை. அப்படியானால் நேற்றுக் கிடந்தவை? புறக்கடைக்கு ஓடினாள்.

"அக்கா" என்று கூப்பிட்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. "அக்கா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க வீசுனீங்களா?"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உரல்மேல் ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

புறக்கடைக் கதவில் பூட்டுத் தொங்கியது. மாடு கட்டும் முளை வெறுமையாக இருந்தது. அடுப்புச் சாம்பலில் மழை பெய்த குழிகள். மழை பெய்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று விடியும்போது வண்டிச் சத்தம் கேட்டது. எரு ஓட்டுகிறார்கள் என்று இவள் புரண்டு படுத்திருந்தாள். ஊரில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது தெரியவில்லை. அவள் வீசிய மூன்றும் வீசிய இடத்திலேயே எறும்பு மொய்த்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றி அவள் வீசாதவை ஏழெட்டுக் கிடந்தன.

மஞ்சளைத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்தாள்.

"எங்கூட்டுல எலி உழுந்துருச்சுங்க. செவ்வாக்கெழமையே உழுந்துருச்சுங்க" என்று மணியக்காரர் வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. குப்பாயி கட்டி முடித்த மூட்டையோடு வெளியே வந்தாள்.

"எங்கூட்டுல திங்கக்கெழமை" என்றாள். "நீ மொதல்ல வாயத் தொறக்கட்டும்னுதான் எல்லாரும் காத்திருந்தம். எப்பவும் நீதான தொறப்ப."

பொழுது சாய்வதற்குள் ஊர் காலியானது; அவரவர் தோட்டத்தில் கீற்றுக் கொட்டாய் போட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் அண்ணன் வீட்டுக் கொட்டாய் ஏற்கெனவே நின்றது. மேலே போட்டிருந்த தென்னங்கீற்று பழுத்திருந்தது. சென்னம்மாள் தூரத்திலேயே கையைக் காட்டினாள்.

"அங்கயே நில்லு. கிட்ட வராத."

"போறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்கக்கா."

"உங்கிட்டச் சொன்னா மத்தியானத்துக்குள்ள மணியகாரருக்குப் போயிரும். வண்டியில எங்க மஞ்சள் இருந்துச்சே, கொளுத்திருவாங்கன்னு நீதான ஊரெல்லாஞ் சொன்ன."

பூவாத்தாளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மூன்று எலி. சொல்லவில்லை.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். ஓட்டைப் பிரித்தார்கள், மருந்து அடித்தார்கள். மஞ்சளை யாரும் கொளுத்தவில்லை. வெயிலில் நன்றாக விரித்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டியோடு வந்து சேர்ந்த குழந்தைவேல் அதை விரித்துப் போட்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் கொட்டாய் வாசலில் அத்தாயியை மடியில் போட்டுக் கக்கத்தில் அழுத்தினாள். கட்டி இல்லை. பிள்ளை நெளிந்து நெளிந்து சிரித்தாள். கூப்பிடு தூரத்தில் சென்னம்மாளும் தன் மகள் சாரதாமணியை மடியில் போட்டு அதே மாதிரி அழுத்திக்கொண்டிருந்தாள். விரல்கள் வலது கக்கத்துக்கு வந்ததும் நின்றன. மறுபடி அதே இடத்தைத் தொட்டன. சாரதாமணி சிரிக்கவில்லை. வீரிட்டாள்.

"இன்னொருக்காப் பண்ணும்மா" என்றாள் அத்தாயி.